சிவப்புக் குறி போட்ட கேன்

பால் வாங்கும் இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் தண்ணீர் கலக்கிறவராகவே கண்ணுக்குத் தெரிவார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் வேன் டிரைவர் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். "கேனைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஆளோட மூஞ்சியப் பாருங்க மேடம். அதுலயே தெரிஞ்சு போகும்." மூஞ்சியிலேயே தெரிந்துவிடும் என்றால் என்னை எதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டி உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்னூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பால் நிலையத்தில் நான் கெமிஸ்ட். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து காலையில் வேன் வேனாகப் பால் வரும். ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் புளிப்பு பார்ப்போம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அளந்து எடுத்த பாலில் நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டர் விட்டு, ப்யூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பால் லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் கலையாமல் நின்றதும் குழாயை மூடிவிட வேண்டும். எவ்வளவு கரைசல் செலவானதோ அந்த அளவுக்குப் பாலில் புளிப்பு இருக்கிறது என்று அர்த்தம். எல்லையைத் தாண்டினால் அது பழைய பால், அல்லது பழையதைக் கலந்த பால். கேனின் மேல் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, வந்த வேனிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர் முக்கில், பால் ஊற்ற வந்த அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கேன் இறங்கும்.

இத்தனையும் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் நடக்கிறது. ப்யூரெட்டில் இருக்கும் கரைசலின் பலமும் பாட்டிலில் எழுதியிருக்கும் பலமும் ஒன்றாக இருக்க வேண்டும். கரைசல் பலவீனமாகப் போயிருந்தால் அதே பாலுக்கு அது கூடுதலாகச் செலவாகும். கணக்குப் போடுகிறவர் பால் புளித்துவிட்டது என்று எழுதிவிடுவார். குற்றம் கரைசலுடையது, தண்டனை பாலுக்கு. அதனால்தான் திங்கட்கிழமை தோறும் வேன் வருவதற்கு முன்னால் கரைசலைச் சோதித்து அதன் உண்மையான பலம் என்ன என்று கண்டுபிடித்து லேபிளில் எழுதுவேன். ஸ்டாண்டர்டைஸ் செய்வது என்று இதற்குப் பெயர். எங்கள் நிலையத்தில் இதற்கு வைத்திருந்த பெயர் வேறு. "மேடம் இன்னைக்கு சோமவார விரதமுங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடிப்பார்கள். பாட்டிலில்தான் பலம் எழுதியிருக்கிறதே, எதற்கு வாரா வாரம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்கு வேதியியல் மட்டும் காரணம் இல்லை. என் அம்மா வால்பாறையில் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் எடை போடும்போது ஈரத்துக்கு என்று ஒரு கணக்குக் கழிப்பார்கள். மழைக்காலத்தில் கழித்தால் சரி. வெயில் மண்டையைப் பிளந்த நாளிலும் கழித்தார்கள். தராசை யார் சரிபார்த்தது என்று கேட்கிற வாய் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் இருக்கவில்லை. எனக்கு அந்த வாய் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது என்று வீட்டிலும் வேலையிலும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வால்பாறைக்குப் போயிருந்தேன். நடுவில் வந்த திங்கட்கிழமையும் விடுப்போடு சேர்ந்து போயிற்று. மாடுகளுக்கு ஆயுத பூஜையும் தெரியாது, விடுமுறையும் தெரியாது என்பதால் பால் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. என் இடத்தில் இன்னொரு ஷிப்டுக் கெமிஸ்ட் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்த அன்று காலை கேட்டில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. அவசரமாகக் கிளம்பி வந்தவரைப் போலப் புடவைத் தலைப்பு எங்கேயோ கிடந்தது. கையில் மூடி போட்ட தூக்குப்போசி. "போகச் சொன்னாப் போக மாட்டேங்கறாங்க மேடம், லேப்புக்காரங்களைப் பார்க்கோணுமாம்" என்று செக்யூரிட்டி சலித்துக்கொண்டார்.

"ஏனுங் அம்மணி, லேப்புல இருக்கறது நீங்கதானுங்களா?"

"நான்தானுங்கம்மா. என்னாச்சுங்க?"

எந்த ஊர் என்று சொன்னதும் அவர் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் எனக்குத் தெரியாது, அவர் கேன் தெரியும். பெரும்பாலான கேன்களில் பல வீட்டுப் பால் ஒன்றாகச் சேர்ந்து வரும். இவர் வீட்டில் மாடுகள் அதிகம் என்பதால் தனிக் கேன். மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் குறையாமல் வைக்கிற வீடு அது என்று மூடியைத் திறந்தாலே சொல்லிவிடலாம். அத்தனை கெட்டியான பால் அந்த ரூட்டில் வேறு எந்தக் கேனிலும் வருவதில்லை.

"நோம்பி முடிஞ்ச மக்யா நாள்ல இருந்து என்ற கேனுக்குச் செவப்புக் கோடு போட்டுத் தாட்டி உடறாங்க அம்மணி. பாலை எடுத்துக்கங்கன்னு கேக்க வரலீங்க. எனக்கு நெசம் தெரியோணும், அவ்வளவுதானுங்க."

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து கேன் திரும்பி வருகிறதாம். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாள் கேன் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறார். மறுநாளும் கேன் திரும்பி வந்தது. இறக்கிவைத்த டிரைவர், அத்தனை பேர் நிற்கும்போது, "ராத்திரிப் பாலைக் காலையில கலக்கறீங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டில் பாலைத் தொடுகிறவர்கள் இரண்டு பேர்தான். இவரும் இவர் மருமகளும். மகன் பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் வருவதில்லை.

"நான் கலக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அப்ப அவதானே? கேட்டேன். இல்லவே இல்லைன்னு சாமி வெளக்கத் தொட்டு அழுதா. நான் நம்பலீங்க. பேச்சு எச்சாப் போயிருச்சு. நேத்துப் பொழுதோட பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுப்பாளையம், அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா." போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவ கலக்கலேங்கறா. லேப்புல கலந்திருக்குதுங்கறாங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யுங்க. லேப்பு எதுக்கு அம்மணி பொய் சொல்லோணும்?"

அன்று காலை அவர் ஒருவராகவே உட்கார்ந்து கறந்து, யார் கையிலும் கொடுக்காமல் போசியில் ஊற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"இது நல்ல பாலுன்னு வந்துதுன்னா அவ கலந்தது நெசமுன்னு ஆயிருமுங்க. இதுவும் புளிச்சதுன்னு வந்துதுன்னா என்ன அர்த்தமுன்னு எனக்குத் தெரியலை. நீங்கதான் சொல்லோணும்."

போசியை வாங்கிக்கொண்டு லேப்புக்குப் போனேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். கறந்த சூடு இன்னும் அடங்கவில்லை. பசும்பால் வாசனைதான், வேறு எதுவும் இல்லை. பிப்பெட்டால் எடுத்து, இண்டிகேட்டர் விட்டு, ப்யூரெட்டைத் திறந்தேன். ரோஸ் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. இன்னும் சில சொட்டு. இன்னும் சில சொட்டு. எல்லையைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. எங்கள் கணக்குப்படி அது புளித்த பால்.

மடியிலிருந்து இறங்கி ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத பால் எப்படிப் புளிக்கும்? நேராகக் குளிர் அறைக்குப் போய் எங்கள் சொந்தப் பாக்கெட் பால் ஒன்றை எடுத்து வந்தேன். வருஷம் முழுவதும் ஒரே அளவு காட்டுகிற பால் அது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதைச் சோதித்தேன். அதுவும் கூடுதலாகக் காட்டியது. அப்போதுதான் மேலே இருந்த பெரிய பாட்டிலை நிமிர்ந்து பார்த்தேன். லேபிளில் நான் எழுதியிருந்த தேதியின் மேல் சந்தனம். பலத்தின் மேல் குங்குமம். பூஜை முடிந்து இத்தனை நாளாகியும் சாமிக்கு வைத்த பொட்டு என்று யாரும் துடைக்கவில்லை.

 முதலில் கரைசலையே சோதித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதற்கென்றே காய வைத்துப் பத்திரப்படுத்திய கே.எச்.பி. என்ற அமில உப்பை எடுத்தேன். வெள்ளைப் பொடி. ஈரத்தை இழுக்காது, கெடாது, நிறுத்துப் போட்டால் போட்ட எடைக்கு உண்மையாக இருக்கும். தராசில் நிறுத்து, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கரைத்து, இண்டிகேட்டர் விட்டு, கூம்புக் குடுவையை வெள்ளை டைலின் மேல் வைத்தேன். இடது கையால் ப்யூரெட்டின் திருகு, வலது கையால் குடுவையைச் சுழற்றுவது. கல்லூரியில் பழகிய கை அது, மனசு எங்கே இருந்தாலும் தன் வேலையைச் செய்யும்.

நான் நிறுத்துப் போட்ட அளவுக்கு, கரைசல் சரியாக இருந்தால் இருபது மில்லியில் ரோஸ் வந்து நின்றிருக்க வேண்டும். இருபதைத் தாண்டியது. தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருந்தது. இருபத்தொன்றிலும் அப்படித்தான். கேட்டில் ஒரு மாமியார் நிற்கிறார், மேட்டுப்பாளையத்தில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருக்கிறாள், நடுவில் இந்தக் குழாயிலிருந்து சொட்டு சொட்டாக நிஜம் இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்றரையில் ரோஸ் வந்து நின்றது. நம்ப மனம் வராமல் குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் இருபத்து மூன்றரை. மூன்றாவது தடவையும் அதேதான்.

பூஜைக்கு முன்னால் நானே பார்த்து எழுதி வைத்த கரைசல் அது. தானாக இவ்வளவு இறங்காது. யாரோ அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

யார் என்று நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் மேனேஜர் "லீவு எல்லாம் நல்லாப் போச்சுங்களா மேடம்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். வேதியியலில் பட்டம் வாங்கியவர். பக்திமான். யாரையும் 'ங்க' இல்லாமல் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இந்தப் பாட்டிலில் யாராவது எதையாவது ஊற்றினார்களா என்று கேட்டேன்.

"அதுங்களா? நான்தானுங்க நெரப்பி வெச்சேன். பூஜைக்கு எல்லாப் பாட்டிலையும் எடுத்து அடுக்கினோமுங்க. இது கொஞ்சம் எறங்கி இருந்துதுங்க. சாமிக்கு முன்னாடி எதுவும் கொறையா இருக்கக் கூடாது பாருங்க. நெறஞ்சு இருக்கட்டும்னு கழுத்து வரைக்கும் ஊத்தி வெச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொழாத் தண்ணி இல்லீங்க, டிஸ்டில்ட் வாட்டர்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

 பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று ஊரையே சோதிக்கிற இடம் இது. அதற்குத்தான் கட்டடம், வேன், வெள்ளைக் கோட்டு எல்லாம். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்களே கரைசலில் தண்ணீர் கலந்திருக்கிறோம். சுத்தமான தண்ணீராம்! பால்காரர் பிடிபடும்போது, நல்ல கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன் என்று சொன்னால் இவர் விட்டுவிடுவாரா?

அதைவிட எரிச்சல் மூட்டியது வேறொன்று. கெட்டியான பாலுக்கு இயற்கையிலேயே புளிப்பு அளவு ஒரு பொட்டு கூடுதலாகக் காட்டும். அது குறை இல்லை, பாலில் சத்து இருப்பதன் அடையாளம். நல்ல கரைசலில் அந்த அம்மாவின் பால் எப்போதும் எல்லைக்கு ஒட்டினாற்போலத் தேறிவிடும். தண்ணீர் கலந்த பால் அதற்கு நேர்மாறாகக் குறைவாகக் காட்டும். ஆகவே கரைசல் பலமிழந்த அந்த நாட்களில் எல்லாக் கேனும்தான் கூடிக் காட்டியிருக்கிறது. ஆனால் தண்ணீர் கலந்த கேன்கள் எல்லைக்குள்ளேயே நின்று ஜம்மென்று உள்ளே போய்விட்டன. வெளியே போனது ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத கேன். ஊரிலேயே யோக்கியமான பாலைத் தேடிப் பிடித்துச் சிவப்புக் குறி போட்டிருக்கிறோம்!

இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. மண்டையை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"செரிங்க மேடம், ஆனது ஆயிப் போச்சு. அதைக் கீழ ஊத்திப்போட்டுப் புதுசாக் கலந்து வெச்சிருங்க. வெளிய யாருக்கும் சொல்லிக்க வேண்டாமுங்க. லேப்பு மேல ஒரு நம்பிக்கை இருக்குது, அது போயிருச்சுன்னா நாளைக்கு ஆளாளுக்கு வந்து கேட்டுல நிப்பாங்க."

"கேட்டுல இப்பவே ஒருத்தர் நிக்கறாங்க சார். அவங்களுக்கு என்ன சொல்றது?"

"நாளைக்கு இருந்து அவங்க பாலை எடுத்துக்கலாமுங்க. இந்த ஒரு தடவை மன்னிச்சு உட்டாச்சுன்னு டிரைவரை உட்டுச் சொல்லிரலாம்."

மன்னித்து விட்டுவிட்டாராம்! தண்ணீர் ஊற்றியவர் இவர், மன்னிக்கிறவரும் இவர். இந்த ஊரின் மரியாதை எனக்கு உயிர். பஸ்ஸில் காலை மிதித்தால்கூட 'ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா' என்று கேட்கிற ஜனங்கள். ஆனால் அதே 'ங்க'வைப் போட்டே ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போடவும் முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் குரலை உயர்த்தினேன். பக்கத்து அறையில் பாக்கெட் அடிக்கிற மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

"சார், நீங்க சொல்ற மாதிரி சத்தமில்லாம மாத்தி வெச்சா என்ன ஆகும் தெரியுங்களா? நேத்து சாயங்காலம் மருமக ஊட்டை விட்டுப் போயிருக்குது. நாளைக்குக் காலையில பால் நல்ல பாலுன்னு உள்ள போகும். அந்த ஊர் என்ன சொல்லும்? மருமக போனா, பால் நல்லாயிருச்சுன்னு சொல்லும். நீங்க மன்னிக்கலை சார். அந்தப் பொண்ணு மேல முத்திரை குத்தறீங்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். யோசித்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பிறகு, "அது அவங்க குடும்ப வெவகாரமுங்க மேடம். நாம எதுக்கு அதுல தலையைக் கொடுக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு யாராவது கேட்டால் லீவில் இருந்தது நீங்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம் என்று கதவருகில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

கேட்டுக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது. அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பால் நல்ல பால், உங்கள் பால் என்றைக்குமே நல்ல பால்தான், எங்கள் கரைசலில் தண்ணீர் கலந்துவிட்டது, அதனால் தப்பாகக் காட்டியது, உங்கள் மருமகள் எதையும் கலக்கவில்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. செக்யூரிட்டி அறையின் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்களே தண்ணி ஊத்திப்போட்டீங்களா?"

"ஆமாங்கம்மா."

"எதுக்குங்க?"

பூஜைக்கு என்று சொன்னேன்.  அவர் அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவர் வீட்டிலும் அன்றைக்கு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பால் கேனுக்கும் பொட்டு வைத்திருப்பார்கள்தானே. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளக்கத் தொட்டு சத்தியம் பண்ணினா அம்மணி" என்று மட்டும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சொன்னாப் பத்தாதுங்க. நீங்க வந்து அவகிட்டச் சொல்லோணும். நான் சொன்னா, தனியாக் கறக்க முடியாம வந்து நடிக்கறாங்கன்னு நெனைப்பா."

மறுநாள் காலை புதுக் கரைசல் கலந்து, அதன் பலத்தைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டு, வேனில் ஏறி அவர் ஊருக்கே போனேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், கேட்டுவிட்டுப் போகவில்லை. பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். இத்தனை நாள் இந்தக் கேனைத் திருப்பி அனுப்பியது லேப்பின் தப்பு, இந்த வீட்டில் யாரும் எதையும் கலக்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர், "அப்ப எங்க பாலெல்லாம் எப்படிங்க உள்ள போச்சு?" என்று அப்பாவியாகக் கேட்டார். கரைசல் தப்பாக இருந்தும் உங்கள் பால் ஏன் தேறியது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள் என்றேன். கேட்டவர் தன் போசியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் நிலையத்தின் விஷயத்தை வெளியில் பேசியதற்கு. கரைசலில் தண்ணீர் ஊற்றியதற்கு யாருக்கும் மெமோ வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவோடு மேட்டுப்பாளையம் போனேன். மேனேஜரையும் கூப்பிட்டிருந்தேன். குற்றம் சொல்வதற்காக இல்லை, ஊற்றியவர் வாயால் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரும் என்பதற்காக. "ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தானுங்க மேடம் ஊட்டுல இருக்கறது" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் அந்த அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு பையில் பேரனுக்கு வாங்கிய பிஸ்கட்டும் வாழைப்பழமும் இருந்தன.

மருமகளின் அம்மா வீடு காய்கறி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் பாக்கு காயப் போட்டிருந்தார்கள். மருமகளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தரையில் சாக்கை விரித்துப் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்க" என்றாள். யாராக இருந்தாலும் வாசலுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வராது. மாமியார் உள்ளே வரவில்லை. பாக்கை மிதித்துவிடாமல் ஓரமாக, வாசலிலேயே நின்றுகொண்டார்.

நான் யார் என்று சொன்னேன். நடந்தது அத்தனையும் சொன்னேன். கரைசல் என்றால் என்ன, அதன் பலம் குறைந்தால் நல்ல பாலும் புளித்ததாக ஏன் காட்டும், நான் எப்படி மூன்று தடவை சோதித்துப் பார்த்து உறுதி செய்தேன் என்று வகுப்பு எடுக்கிற மாதிரி விளக்கினேன். ஊர் முக்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதையும் சொன்னேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மணி, எல்லாத் தப்பும் எங்கள் மேல்தான் என்றேன். அவள் குறுக்கே பேசாமல், கையில் இருந்த பாக்கை உருட்டிக்கொண்டே கேட்டாள். உள்ளே குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இத்தனை தூரம் வந்து சொன்னதுக்குச் சந்தோசமுங்க மேடம். உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது. பாட்டில்ல இருக்கறதைப் பார்த்துச் சொல்றவங்க நீங்க, அது கெட்டுப் போச்சுன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

பிறகு அவள் வாசலைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"கலியாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரே கட்டுத்தரையில, அவங்க ஒரு மாட்டுகிட்ட, நான் ஒரு மாட்டுகிட்டன்னு உக்காந்து கறந்திருக்கறோமுங்க. எனக்குக் காய்ச்சல்னா என் மாட்டையும் அவங்க கறப்பாங்க. அவங்களுக்கு முடியலைன்னா நான் கறப்பேன். நான் யாருன்னு எங்க அத்தைக்கு நீங்க டெஸ்ட் பண்ணிச் சொல்லித்தான் தெரியோணுங்களா?"

அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அதைக் கேட்டார். நானும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய இன்னொருவர், எங்கள் மேனேஜர், அந்நேரம் தன் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.